விரித்த துணியும் மறைத்த வரலாறும்

விழா என்றால் கடை வரும். கடை வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் குதூகலம் வரும். இதைக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் தேவையில்லை. மதுரையில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் ஒளிவீசிய பழங்காலந்தொட்டு, எங்கள் கெலமங்கலத்துப் பக்கம் 'ஜாத்திரை' கூடும் இந்நாள்வரை, விழாவும் அங்காடியும் உடன்பிறந்த இரட்டையர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் உறவாடும் எல்லையூர் இது. இங்கே ஊர் கூடினால் நான்கு மொழியில் விலை பேசுவார்கள். நான்கு மொழியிலும் சிரிப்பார்கள்.

அப்படியொரு கலைவிழா நாளில், மாலை நேரத்தில் திடலைச் சுற்றி வந்தேன். மிட்டாய்க் கடைக்குப் பந்தல். வளையல் கடைக்கு வண்ண விளக்கு. இராட்டினத்துக்கு அகன்ற இடம். எல்லாம் தாண்டி, வெளிச்சம் முடிந்து இருள் தொடங்கும் ஓரத்தில், தரையில் விரித்த துணி ஒன்று. அதன்மேல் பைகள், இடைக்கச்சைகள், வாயில் தோரணங்கள். கண்ணாடித் துண்டுகள் பதித்து, சோழிகள் கோத்து, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய் நூலோடிய துணிகள். பின்னால் அமர்ந்திருந்தவர் ஒரு லம்பாடி மூதாட்டி.

வந்தார் ஒரு பெரிய மனிதர். மிட்டாய்க் கடையில் "கிலோ என்ன விலைங்க?" என்று கேட்டுவிட்டு வந்தவர்தான். இங்கே வந்ததும் அந்த 'ங்க' எங்கோ போய்விட்டது. "ஏம்மா, நீ இதுக்கு எவ்வளவு சொல்றே?" என்றார். விலை சொன்னார் மூதாட்டி. "ஊசியும் நூலும்தானே! பாதிக்குக் கொடு" என்றார் அவர். "பதினைந்து நாள் வேலைங்க அண்ணா" என்றார் மூதாட்டி. தம்மைவிட வயதில் எத்தனையோ இளையவரை 'அண்ணா' என்றழைத்தார் அந்தப் பாட்டி! பெரிய மனிதர் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்தார். நடந்தவர் சும்மா நடக்கவில்லை. உடன்வந்த சிறுவனிடம், "பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. லம்பாடிக் கூட்டம்!" என்று எச்சரித்துவிட்டு நடந்தார்.

இனிப்புக்கு 'நீங்கள்'; கைத்திறனுக்கு 'நீ'. பேரத்தை விடுங்கள், அது சந்தையின் இயல்பு. ஆனால் அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது? அந்த மூதாட்டி அவரிடம் எதைத் திருடினார்? எதுவுமில்லை. அவருடைய தந்தையிடமோ பாட்டனிடமோ எதையேனும் பறித்தார்களா? அதற்கும் சான்றில்லை. சான்றில்லாத ஐயம், சாட்சியில்லாத குற்றச்சாட்டு, விசாரணையில்லாத தண்டனை. இதற்குப் பெயர் மூடநம்பிக்கை அல்லாமல் வேறென்ன? பேயை நம்புவதும் மூடநம்பிக்கை. பிறப்பால் ஒருவர் திருடர் என்று நம்புவதும் மூடநம்பிக்கை. முன்னதைச் சிரித்து விரட்டலாம். பின்னதை வரலாறு கொண்டுதான் விரட்ட வேண்டும்.

ஆகவே, தோழர்களே, அந்த விரித்த துணிக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் யார் என்று பார்ப்போம்.

* * *

பஞ்சாரர், லம்பாடியர், லம்பானியர், சுகாலியர் — ஊருக்கொரு பெயர். 'வணிகம்' என்னும் சொல்லின் வடிவே 'பஞ்சாரா' என்பர் சிலர். உப்பைக் குறிக்கும் 'லவணம்' என்னும் சொல்லிலிருந்தே 'லம்பாடி' வந்தது என்பர் சிலர். சொல்லாராய்ச்சி எப்படியாயினும், செய்தொழில் ஐயத்துக்கு இடமற்றது. உப்பும் தானியமும் எருதுகளின் முதுகில் ஏற்றி, காடும் மலையும் கடந்து, நாடு முழுவதும் கொண்டு சேர்த்தவர்கள் இவர்கள். பழந்தமிழ்நாட்டில் உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகச் சென்ற உமணரை நாம் இலக்கியத்தில் படித்துப் பூரிக்கிறோம். அதே உழைப்பை அகன்ற நிலப்பரப்பில் செய்தவர்களை, அவர்கள் வேறு மொழி பேசுகிறார்கள் என்பதற்காக, அந்நியராய்ப் பார்க்கிறோம்.

எவ்வளவு பெரிய வணிகம் தெரியுமா? பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இந்தியாவில் பயணம் செய்த பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலேயர், வழியில் ஒரு பஞ்சாரக் கூட்டத்தைக் கண்டார். அவர் குறித்த கணக்கு: 14,000 எருதுகள்! அத்தனையின் முதுகிலும் கோதுமை, அரிசி முதலிய தானியங்கள். குடும்பம் குடும்பமாக, குழந்தை குட்டிகளோடு, நடந்துகொண்டே வாழ்ந்தார்கள். நடந்துகொண்டே வாழ்ந்ததால் அவர்கள் முகாமுக்குத் 'தாண்டா' என்று பெயர். இன்று அவர்கள் நிலைத்து வாழும் சிற்றூர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேரரசுகள் வாளால் எழுந்தன என்று பாடப்புத்தகம் சொல்லும். வாளேந்தியவனுக்கும் வயிறு உண்டு என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது. முகலாயர் படை தெற்கே வந்தபோதும், மராட்டியர் படை கிளம்பியபோதும், பின்னால் சோறு சுமந்து சென்றவர்கள் இந்த எருதுக்காரர்கள். வெகுதொலைவு போக வேண்டாம். நம் மண்ணுக்கே வருவோம்.

1791ஆம் ஆண்டு. திப்பு சுல்தானை வீழ்த்தப் புறப்பட்டார் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ். பெங்களூர்க் கோட்டை விழுந்தது. சீரங்கப்பட்டணம் கண்ணுக்கெட்டும் தூரத்தில். ஆனால் மே மாதத்தில் அந்த மாபெரும் படை முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியது. ஏன்? எதிரியின் பீரங்கி மட்டுமா விரட்டியது? பசியும் விரட்டியது. மாடுகள் மடிந்தன, சோறு தீர்ந்தது, இழுக்க ஆளின்றிப் போன தங்கள் முற்றுகைப் பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். துப்பாக்கி தோற்ற இடத்தில் தானியம் வென்றது என்பதை அன்று கும்பினி கற்றுக்கொண்டது. அதே ஆண்டில் ஓசூரும் இராயக்கோட்டையும் கும்பினி கைக்கு வந்தன. பஞ்சாரரைத் திரட்டி, அவர்களுடைய எருதுப் பொதிகளைப் படைக்குக் கொண்டுவரும் வேலை, கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவரிடம் இருந்தது. 1792இல் சீரங்கப்பட்டணத்தை மீண்டும் முற்றுகையிட்ட படை பட்டினி கிடக்கவில்லை.

யார் அந்த ரீடு? அதே 1792இல், உடன்படிக்கையால் கிடைத்த பாரமகாலுக்கு ஆட்சியராக வந்தவர். அவருக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. கிருட்டிணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்து நிலவரி வரலாற்றைப் படிப்பவர் எவரும் இவ்விருவர் பெயரையும் தவிர்க்க முடியாது. ரீடின் பெயர் ஏட்டில் இருக்கிறது. அவருக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் பெயர் எங்கே இருக்கிறது?

1799ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். இறுதிப் போர். ஜெனரல் ஹாரிசின் படை இராயக்கோட்டையைக் கடந்து திப்புவின் நாட்டுக்குள் நுழைந்தது. நுழைந்த படை பாசறை இறங்கிய இடங்களுள் ஒன்று எது? நம் கெலமங்கலம்! அன்றும் இது எல்லையூர்தான். பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் என்று உலகம் புகழ்ந்த ஆர்தர் வெல்லெசுலியும் அந்தப் படையில் இருந்தார். அந்தப் படையோடு நகர்ந்த எருதுகள் பல்லாயிரம். எருது ஓட்டிய பஞ்சாரர் ஆயிரக்கணக்கானோர். மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது.

ஆங்கிலேயனுக்குச் சோறு சுமந்ததைப் பெருமையாகப் பேசுகிறேனா என்று கேட்பீர்கள். இல்லை. விலை கொடுத்தவருக்குப் பொருள் கொடுத்தது வணிகம். அதைத் தியாகமாகவும் பாட வேண்டாம், துரோகமாகவும் தூற்ற வேண்டாம். நான் சொல்வது ஒன்றே. அன்று கெலமங்கலத்து மண்ணில், கவர்னர் ஜெனரலின் தளபதிகளே கையேந்தி எதிர்பார்த்திருந்த மக்கள், இன்று அதே கெலமங்கலத்து மண்ணில் துணி விரித்து உட்கார்ந்தால், "பையைப் பிடித்துக்கொள்" என்கிறோம். இடையில் நடந்தது என்ன?

* * *

மூன்று அடிகள் விழுந்தன.

முதல் அடி, உப்பில் விழுந்தது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது கும்பினி ஆட்சி. கடற்கரையில் காய்ந்த உப்பு, கச்சேரியின் பூட்டுக்குள் போயிற்று. உப்பை நம்பிய ஊர்சுற்றி வணிகன் நிலை தடுமாறிற்று.

இரண்டாம் அடி, இரும்பில் விழுந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் புகைவண்டி கிளம்பியது. அதன்பின் தண்டவாளம் நீள நீள, எருதுப் பாதை சுருங்கிற்று. ஆயிரம் எருதுகள் ஒரு மாதம் நடந்து சுமந்ததை, ஒரு புகைவண்டி ஓரிரவில் கொண்டுபோய்க் கொட்டியது. அறிவியலைக் குறைகூற நாம் ஆளல்ல. புகைவண்டி வரத்தான் வேண்டும். ஆனால் புதிய வண்டியை ஓட்டியவர்கள், பழைய வண்டியை ஓட்டியவர்களுக்கு மாற்று வழி என்ன என்று ஒரு நாளாவது எண்ணினார்களா? எண்ணவில்லை. வழி காட்டாதது மட்டுமல்ல, பழியும் சுமத்தினார்கள்.

அதுதான் மூன்றாம் அடி; சட்டத்தில் விழுந்த அடி. 1871இல் வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். குற்றம் செய்தவரைத் தண்டிக்கும் சட்டம் எல்லா நாட்டிலும் உண்டு. குற்றம் செய்யாதவரையும், இன்ன குடியில் பிறந்தார் என்பதற்காகக் குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதும் சட்டம் இது! பெயரைப் பதிவு செய். அழைத்தபோது வந்து ஆஜராகு. ஊரைவிட்டுப் போவதானால் அனுமதிச் சீட்டு வாங்கு. வட இந்தியாவில் தொடங்கிய இந்தச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நடந்தே வாழ்ந்தவர்களுக்கு நடையே குற்றமாயிற்று!

இந்த வலையில் சிக்கியவர்கள் யார்? வட மாகாணங்களில் பஞ்சாரர் பலர். நம் மாகாணத்தில் குறவர். குறவரும் உப்பும் தானியமும் சுமந்து விற்றவர்கள்தாம். கூடையும் பாயும் முடைந்து சந்தைக்குச் சந்தை கொண்டுசென்றவர்கள்தாம். உப்பு போயிற்று, தானியம் போயிற்று, கூடை மிஞ்சிற்று. கூடை விற்க ஊருக்குள் வந்தவரை, "வேவு பார்க்க வந்தவர்" என்று எழுதி வைத்தது காவல்துறைக் குறிப்பேடு. கைவினை விற்பவரின் தலைச்சுமையையே ஐயத்துக்கு அடையாளமாக்கியது அந்தச் சட்டம்.

1947இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ஒழித்தது. 1952இல் நாடு முழுவதும் அது நீங்கியது. சட்டம் செத்தது, ஆனால் ஐயம் சாகவில்லை. அன்று திடலில் நான் கேட்ட குரல், ஏதோ ஒரு தனிமனிதரின் கெட்ட குணமன்று. 1871இல் எழுதிய சட்டத்தின் எதிரொலி. அதைச் சொன்னவருக்கே அது தெரியாது. அவர் வாயைக் கடன் வாங்கிப் பேசியது, செத்துப்போன ஒரு சட்டம்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியைக் கடந்து கருநாடகத்துக்குள் போனால், அதே லம்பாடிக் குடும்பம் பட்டியல் சாதி. ஆந்திரத்துக்குள் போனால் பட்டியல் பழங்குடி. இங்கே திரும்பி வந்தால் பிற்படுத்தப்பட்டோர். ஒரே பாட்டியின் மூன்று பேத்திகளுக்கு மூன்று சான்றிதழ்! சாதி இயற்கையானது, பிறப்போடு வந்தது, மாற்ற முடியாதது என்று மார்தட்டுவோரை அழைத்து வாருங்கள். ஒரு பேருந்துச் சீட்டில் மாறுகிற ஒன்றையா இயற்கை என்கிறீர்கள் என்று கேளுங்கள்.

* * *

இனி அந்தத் துணிக்கு வருவோம்.

லம்பாடிப் பெண்கள் தைத்த பூவேலை, விற்பதற்காகப் பிறந்ததன்று. பாவாடையும் மார்புக் கச்சையும் தலைத் துணியும் தமக்கென்று தைத்தார்கள். எருதின் முதுகில் போடும் துணியையும் பொதிப் பையையும் அழகு செய்தார்கள். கண்ணாடித் துண்டு வெயிலில் மின்னும். சோழி? சோழி ஒரு காலத்தில் இந்நாட்டில் காசு. கடைவீதியில் செலாவணியாக ஓடிய சோழி, காலம் மாறியதும் அணியாக மாறித் துணியில் ஏறியது. வணிகக் குடியின் பழைய கணக்குப் புத்தகம் அந்தப் பெண்களின் உடையில் தைத்துக் கிடக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அழகைப் பாடுகிறபோது அடிமைத்தனத்தை மறைக்கலாகாது. பெண் குழந்தை ஊசி பிடிக்கக் கற்றதும் திருமணத்துக்கான துணிகளைத் தைக்கத் தொடங்குவாள். அவள் மதிப்பை அவள் கொண்டுபோகும் துணியால் அளந்தார்கள். அறிவுக்கு அளவுகோல் இல்லை, ஆசைக்கு இடமில்லை. பழைய கலை என்பதற்காகப் பழைய கட்டையும் சேர்த்துப் போற்ற வேண்டியதில்லை. பூவேலையை எடுத்துக்கொள்வோம், விலங்கை எறிவோம்.

ஆனால் நடந்தது என்ன? விலங்கு இருந்தது, பூவேலை போயிற்று. வணிகம் அழிந்தது, கூலி வேலைக்குப் போனார்கள். அந்த உடையோடு போனால் பிறர் சிரித்தார்கள். இளைய பெண்கள் சேலைக்கு மாறினார்கள். மாறியது தவறன்று, விரும்பிய உடையை உடுத்துவது எவருக்கும் உரிமை. ஆனால் விரும்பி மாறுவது வேறு. வெட்கப்பட வைத்து மாற்றுவது வேறு.

நம் பக்கத்து மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பக்கத்து மாவட்டம் என்ன, 2004 வரை நாமும் தருமபுரி மாவட்டந்தானே! அங்கே கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே சென்று, குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். மலையாளி என்னும் மலைமக்களும் லம்பாடி மக்களும் வாழும் பகுதி அது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர்கள், காய்ச்சலுக்குக் காரணமான வறுமையையும் கண்டார்கள். உழவருக்குக் கூட்டமைப்பு வந்தது. லம்பாடிப் பெண்களுக்கு என்ன வழி என்று பார்த்தபோது, தாண்டாவில் பழைய பூவேலை தெரிந்தவர்கள் ஓரிரு மூதாட்டிகளே எஞ்சியிருந்தார்கள். ஓரிருவர்! அவர்கள் கண் மூடியிருந்தால் அந்தக் கலையும் கண் மூடியிருக்கும்.

அந்த மூதாட்டிகள் ஆசிரியர் ஆனார்கள். இளைய பெண்கள் மாணவியர் ஆனார்கள். 2006ஆம் ஆண்டை ஒட்டி வளர்ந்த அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'போர்கை'. லம்பாடி மொழியில் அதற்குப் 'பெருமிதம்' என்று பொருள். எந்த அடையாளத்துக்காக வெட்கப்பட வைத்தார்களோ, அந்த அடையாளத்துக்கே பெருமிதம் என்று பெயர் சூட்டினார்கள்! இன்று ஐம்பது அறுபது பெண்கள் அதில் தைக்கிறார்கள். தாங்களே கூடி விலை வைக்கிறார்கள். பெருநகரங்களில் நடக்கும் கைவினைக் கண்காட்சிகளில் தங்கள் பெயரிலேயே கடை போடுகிறார்கள்.

கவனியுங்கள், தோழர்களே. திருமணச் சீருக்காகத் தைத்த கை, இன்று சொந்த வருவாய்க்காகத் தைக்கிறது. அதே ஊசி, அதே நூல். ஆனால் கணக்கு இப்போது அவள் கையில். கலை பிழைத்தது அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியால் அன்று, உரிய விலையால்.

* * *

விலை என்கிறேன். வெறும் வேடிக்கைக்கும் விலைக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதற்கு உலகம் தந்த பாடம் ஒன்று உண்டு.

1886இல் இலண்டனில் காலனிகளும் இந்தியாவும் சேர்ந்த ஒரு மாபெரும் கண்காட்சி நடந்தது. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். அங்கே இந்தியக் கைவினைஞர் முப்பதுக்கு மேற்பட்டோர் அமர்ந்து, கம்பளம் நெய்தும் பானை வனைந்தும் காட்டினார்கள். "வழிவழி வந்த இந்தியக் கைவினைஞர்" என்று அறிவித்தார்கள். உண்மை என்ன? அவர்களுள் பலர் ஆக்ரா சிறையிலிருந்து வந்தவர்கள். சிறைக்குள் தொழில் பழகியவர்கள். அழைத்து வந்தவர் அந்தச் சிறையின் கண்காணிப்பாளர்! விக்டோரியா அரசி அவர்களைக் கண்டு மகிழ்ந்தார். சிலரை ஓவியமாக வரையச் செய்தார். ஓவியம் அரண்மனைச் சுவரில் ஏறியது. வரைந்த முகத்துக்கு உரியவர்கள் வந்த வழியே திரும்பினார்கள்.

அது அந்நியர் ஆட்சி என்பீர்கள். 1985க்கு வாருங்கள். வாசிங்டனில் 'இந்திய மேளா' நடந்தது. தெருக்கலைஞரும் கைவினைஞரும் விமானத்தில் போனார்கள். பண்பாட்டுத் தூதுவர் என்று அவர்களை வரவேற்றார்கள். அதே நேரத்தில் இங்கே தில்லியில் நடப்பில் இருந்த இரவலர் ஒழிப்புச் சட்டம், பொது இடத்தில் பாடியோ ஆடியோ காசு பெற்றால் அதுவும் இரத்தலே என்றது. வாசிங்டனில் தூதுவர், தில்லித் தெருவில் இரவலர்! அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி செல்லாது என்று தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவற்றால் விளங்குவது யாது? விழா மேடையில் ஏற்றுவதால் மட்டும் மனிதருக்கு மதிப்பு வந்துவிடாது. காட்சிப்பொருளாக உட்கார வைப்பது ஒன்று. கடைக்காரராக உட்கார விடுவது மற்றொன்று. காட்சிப்பொருளை நாம் பார்க்கிறோம். கடைக்காரரோ நம்மைத் திரும்பிப் பார்க்கிறார், விலை சொல்கிறார், "முடியாது" என்றும் சொல்கிறார். அந்த "முடியாது" என்னும் சொல்லில்தான் மனிதமதிப்பு குடியிருக்கிறது.

* * *

இங்கே ஓர் எச்சரிக்கை. கைவினையைப் போற்றுவதென்றால் கைவினைஞரின் பிள்ளையை அதிலேயே கட்டிப்போடுவது என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். 1953இல் சென்னை மாகாணத்தில் இராசாசி அமைச்சரவை கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் என்ன சொன்னது? பள்ளியில் பாதி நேரம். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகு என்றது. குயவர் மகன் மண் பிசைய வேண்டும். வண்ணார் மகன் துணி வெளுக்க வேண்டும். நாடு அதைக் குலக்கல்வி என்று கண்டது, கொதித்தது. 1954இல் காமராசர் அமைச்சரவை அதைக் கைவிட்டது. அந்தப் போராட்டம் பானைக்கு எதிரானதன்று. பானையைப் பிறப்போடு கட்டிய கயிற்றுக்கு எதிரானது.

இந்த வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. சிட்டிலிங்கியில் தைப்பவர்கள் தாமே விரும்பி வந்த பெண்கள். அவர்கள் மகள் ஊசி பிடிக்கலாம். மருத்துவக் கருவியும் பிடிக்கலாம். எங்கள் கெலமங்கலத்திலிருந்து காலையில் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து பேருந்தாகப் பெண்கள் போகிறார்கள். அவர்களுள் ஒரு லம்பாடிப் பெண் கடிகாரத்தின் உள்ளுறுப்பைக் கோத்தால், அதுவும் நுண்ணிய கைத்திறன்தான். அவர் பாட்டியின் விரல்களில் இருந்த அதே பொறுமைதான். மறுபுறம், எந்தச் சாதியில் பிறந்த இளைஞரும் பூவேலை கற்கலாம், பானை வனையலாம். எவரும் கற்கலாம், எவரும் விடலாம் என்ற நிலை வரும்போதுதான் தொழில் கலையாகும். அதுவரை அது தலையில் எழுதிய தளைதான்.

* * *

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? வரலாறு பேசிவிட்டு வாளாவிருப்பது வீண். எளிய செயல்கள் சில சொல்கிறேன்.

2014இல் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தெருவில் விற்பது குற்றமன்று, வாழ்வுரிமை என்று ஏற்றுக்கொண்ட சட்டம் அது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் விற்பனைக் குழு அமைய வேண்டும். அதில் பத்துக்கு நான்கு பேருக்குக் குறையாமல் விற்பனையாளரே இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி விரட்டக்கூடாது. 1871இல் நடப்பதைக் குற்றமென்று சொன்ன அதே 'சட்டம்' என்னும் சொல், 2014இல் அமர்ந்து விற்பதை உரிமை என்கிறது. இந்தச் செய்தி துணி விரித்தவரிடம் போய்ச் சேர்ந்ததா? படித்த இளைஞர்களே, அதைச் சேர்ப்பது உங்கள் வேலை. பேரூராட்சிக்கு மனு எழுத அவருக்கு ஒரு கை வேண்டும். உங்கள் கை எழுதட்டும்.

ஊர்விழா நடத்தும் குழுக்களில் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். கடை ஒதுக்கும்போது, பந்தல் போட வசதி படைத்தவருக்கு வெளிச்சமும், துணி விரிப்பவருக்கு இருட்டும் என்று பிரிக்காதீர்கள். கையால் செய்தவரே விற்கும் கடைக்கு விளக்கடியில் இடம் கொடுங்கள். தரைவாடகையைத் தள்ளிவிடுங்கள். 'செய்தவர் இன்னார், இத்தனை நாள் வேலை' என்று ஓர் அட்டை எழுதி வையுங்கள். பதினைந்து நாள் என்று கண்ணால் படித்தவர், பாதிக்குக் கேட்க நா கூசுவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'நீங்கள்' என்று சொல்லுங்கள். அதற்குச் சட்டம் வேண்டாம், காசும் வேண்டாம்.

அன்றிரவு நான் திரும்பியபோது மூதாட்டி துணியை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு பை வாங்கினேன். சொன்ன விலைக்கே வாங்கினேன். அது கொடையன்று, கடன். மறுவாரம் வகுப்பில் 1799ஆம் ஆண்டுப் போர்ப்பாடம். கரும்பலகையில் திப்பு, ஹாரிசு, வெல்லெசுலி என்று பெயர்களை எழுதினேன். பிறகு அந்தப் பையை மேசைமேல் வைத்து, "இந்தப் படைகளுக்கெல்லாம் சோறு கொண்டுவந்தவர்களின் பேத்தி தைத்தது இது. அவர்கள் நம் ஊர் வழியாகத்தான் போனார்கள்" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. கடைசி வரிசையில் ஒரு மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் யார், எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

கரும்பலகையில் நான்காவது பெயராக 'எருது ஓட்டியவர்கள்' என்று எழுதினேன். மணி அடித்த பின்னும் அதை அழிக்கவில்லை.